தெருக்குத்து வீடு

கோயமுத்தூர் கணபதியில் எட்டு வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர்கள் மரியாதையாகத்தான் காலி செய்யச் சொன்னார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி, ஊருல இருந்து கொழுந்தனார் குடிவாராருங்க" என்பார்கள். எந்தக் கொழுந்தனாரும் வந்ததில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று வேறொரு குடும்பம் இருக்கும். புருஷனை விட்டு வந்த ஒருத்தியும் அவள் மகளும் தனியாகக் குடியிருந்தால் வீட்டுக்காரர்களுக்கு எங்கேயோ அரிக்கிறது. அதைச் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.

ஐந்தாவது வீட்டுக்காரர் காலி செய்ய ஒரு மாதக் கெடு கொடுத்த அன்று முடிவெடுத்தேன். இனி கனிஷ்காவைக் கூட்டிக்கொண்டு எவன் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. அவளுக்கு ஒன்பது வயது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பந்து தட்டக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்றே வளர்ந்தவள்.

நான் மோட்டார் வைண்டிங் செய்கிறவள். எரிந்துபோன தண்ணீர் மோட்டார் வந்தால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றித் தருவோம், நானும் என்னிடம் வேலை பார்க்கும் இஸ்மத்தும். பட்டறை என்னுடையது. எனக்கு இடது காது கேட்காது. பட்டறைச் சத்தத்தில் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோவில்பாளையம் தாண்டி ஒரு தோட்டத்துக்கு மோட்டார் கொடுக்கப் போனபோதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன். சோளக்காட்டைச் சைட் பிரித்துப் போட்ட இடம். நாற்பது சைட்டில் பதினெட்டு வீடு. மீதியில் கல் மட்டும் நட்டு முள் முளைத்துக் கிடந்தது. கம்பம் இருந்தது, விளக்கு இல்லை. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், அப்புறம் இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. விளக்கு வராமலா போய்விடும்?

வீடு தெருவின் கடைசியில் இருந்தது. தெரு நேராக ஓடிவந்து அதன் வாசலில் முட்டி, இடமும் வலமுமாகப் பிரிந்தது. இதைத்தான் தெருக்குத்து என்கிறார்கள். தெருவே வந்து வீட்டைக் குத்துகிறதாம், குடும்பத் தலைவனுக்கு ஆகாதாம். 'விற்பனைக்கு' என்று எழுதிப்போட்ட தகரம் மூன்று வருடமாக அங்கேயே துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

கட்டியவர் நஞ்சுண்டன். எழுபது வயதிருக்கும். எதையும் மறைக்கவில்லை.

"இது தெருக்குத்துங்க அம்மணி. ஆம்பளைக்கு ஆகாதுங்க."

"எங்க ஊட்டுல ஆம்பளையே இல்லீங்க ஐயா."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கருப்பாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புத்தான், கண்ணில் தெரிந்தது.

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அடுத்த வருடமே பல்லடத்தில் மகனுடைய விசைத்தறி நொடித்துவிட்டது என்றார் நஞ்சுண்டன். "பல்லடத்துல தறி நொடிச்சவங்க எத்தன பேருங்க, எல்லாரும் தெருக்குத்துலயா குடியிருக்கறாங்க?" என்று கேட்டேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை.

"உங்க அண்ணன் வந்து ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டுங்க, அடுத்த நாளே கிரயம் பண்ணிப்போடலாம். தனியா இருக்கற அம்மணி தலையில இத கட்டிப்போட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவத்த நான் எங்கீங்க கொண்டுபோய் எறக்கறது?"

கெட்ட மனுசனாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். நல்லவராக இருந்து தொலைத்தார். பணம் நான் சேர்த்தது, பேங்க் லோன் என் பெயரில், தவணை கட்டப்போவது நான். சரி சொல்வதற்கு மட்டும் அண்ணன் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டேன்.

அண்ணன் கிருபாசங்கர் கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தோப்பு வைத்திருக்கிறார். மறுநாளே காரில் வந்தார். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கேட்டில் நின்று தெருவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"வேண்டாம் கீதா. நம்மூட்டு மாடியில ரெண்டு ரூம்பு சும்மாதான் கெடக்குது. பட்டறைய மூடிப்போட்டு வந்துரு. உன்னையும் பாப்பாவையும் நான் பாத்துக்க மாட்டனா?"

பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாடிக்குப் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். அண்ணி விசேஷத்துக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் ஆவேன். மாட்டேன் என்றேன்.

"சரி, நமக்குள்ள எதுக்கு? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தா நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

"அது ஞாயமுங்க" என்றார் கூடவே நின்ற நஞ்சுண்டன்.

எங்கள் பக்கம் கல்யாணமோ காடு வாங்குவதோ எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமி சொந்தமில்லை என்று இத்தனை வருடம் சொன்னவர்கள், எனக்குத் தடை கேட்க மட்டும் அதே சாமியிடம் கூட்டிப்போனார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். ஆத்தா ஒரு பொம்பளை, என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று ஒரு நப்பாசை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் கூடினோம். நஞ்சுண்டனும் கருப்பாத்தாளும் வந்திருந்தார்கள். கனிஷ்காவையே எடுக்கச் சொன்னார் அண்ணன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

"முடிஞ்சுதுங்க. உத்தரவு இல்லை" என்றார் பூசாரி. அண்ணன் கார் சாவியை எடுத்தார். நஞ்சுண்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

கனிஷ்கா என் கையைப் பிடித்தாள். "நான் தப்பா எடுத்துட்டனாம்மா? என்னாலதான் ஊடு போச்சா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குள் இருந்த மரியாதை எல்லாம் தீர்ந்துவிட்டது.

"ஏனுங்கண்ணா, பதினஞ்சு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல என் கல்யாணத்துக்குப் பூக் கேட்டீங்களே, என்ன வந்துது?"

அண்ணன் திரும்பினார். "இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. என்ன வந்துது?"

"வெள்ளை."

"எத்தன தரம் கேட்டீங்க?"

"மூணு தரமுங்க" என்றார் பூசாரி. அவருக்கு ஞாபகம் இருந்தது.

"மூணு தரமும் வெள்ளை. மாப்பிள்ளை தங்கம்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அந்தத் தங்கம் அறைஞ்சுதான் எனக்கு எடது காது போச்சு. பட்டறைச் சத்தமுன்னு உங்க மானத்துக்காகப் பொய் சொல்லிட்டுத் திரியறேன். ஏழு வருசம் அங்க அடி வாங்குனனே, ஒரு நாளாவது இங்க வந்து, எதுக்கு ஆத்தா வெள்ளை குடுத்தேன்னு கேட்டீங்களா? அன்னைக்கு மூணு வெள்ளைய நம்பி நான் போனேன். இன்னைக்கு ஒரு செவப்புக்கு நான் நிக்க மாட்டேன்."

"சாமி முன்னால இப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க அம்மணி" என்றார் பூசாரி.

"சாமிகிட்டச் சொல்லாம வேற யார்கிட்டங்க சொல்லட்டும்? மனுசங்ககிட்டச் சொல்லிப் பாத்துட்டேன்."

பொட்டலத்தில் இருந்த சிவப்புப் பூவை எடுத்துக் கனிஷ்காவின் சடையில் செருகினேன். "இது ஆத்தா உனக்குக் குடுத்த பூ, கண்ணு. நீ ஒண்ணும் தப்பா எடுக்கல."

முதலில் வாய் திறந்தது கருப்பாத்தாள்.

"அம்மணி கேக்கறதுக்கு நம்ம யார்கிட்டயாவது பதிலிருக்குதா? இல்லீல்ல? அப்பறம் என்ன, ஊட்ட அவுங்களுக்கு வித்துப்போடுங்க."

நஞ்சுண்டன் மனைவியைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுக்கு வந்துருங்க அம்மணி" என்றார். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். கனிஷ்கா என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

பத்திரத்தில் அண்ணன் போடவேண்டிய சாட்சிக் கையெழுத்தை இஸ்மத் போட்டாள். இன்னொன்றைக் கருப்பாத்தாள் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டு முடிப்பதற்குள் பத்திர எழுத்தர் இரண்டு தடவை பெருமூச்சு விட்டார். நான் அவசரப்படுத்தவில்லை.

குடிபோவதற்குள் தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மதிலில் மாடம் வைத்துப் பிள்ளையாரை உட்கார வையுங்கள், கண்ணாடி மாட்டுங்கள், வாசலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிள்ளையாருக்கு உள்ளே நல்ல இடம் கொடுத்திருக்கிறேன். வெயிலில் உட்கார்ந்து தெருவோடு மல்லுக்கட்டும் வேலை அவருக்கு எதற்கு? அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தெரு வந்து முட்டுகிற அதே இடத்தில், மதிலில், ஒரு கறுப்புக் கல் பதித்தேன். முழ உயரத்துக்கு எழுத்து. கீதா, கனிஷ்கா. தெருவுக்குள் நுழைகிற யாரும் அதைப் படிக்காமல் வர முடியாது.

பால் காய்ச்சிய அன்று பந்தல் நிறைய ஆள். காலிசெய்யச் சொன்ன ஐந்து வீட்டுக்காரர்களையும் அழைத்திருந்தேன், மூன்று பேர் வந்தார்கள். பத்து மணிக்குத் தெருமுனையில் அண்ணனுடைய கார் நின்றது. உள்ளே வண்டி விட இடமில்லை. தோளில் ஒரு வாழைத்தாரும் கையில் சீர்த்தட்டுமாக இறங்கி, நேராக என் பெயரைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். நான் எதிர்கொண்டு போகவில்லை. வாசலிலேயே நின்றேன்.

கேட்டருகே வந்து நின்றார். அன்றைக்குப் போலவே காலெடுத்து வைக்கவில்லை.

"ஆம்பளைக்கு ஆகாத ஊடுங்கண்ணா. பயமா இருந்தா சொல்லுங்க, வெளியில சேர் போடச் சொல்றேன்."

கருப்பாத்தாள் இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அண்ணன் முகம் சிவந்தது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, என் இடது பக்கமாகக் குனிந்து மெதுவாக என்னவோ சொன்னார்.

"அந்தக் காது கேக்காதுங்கண்ணா. இந்தப் பக்கம் வந்து சத்தமாச் சொல்லுங்க."

அண்ணன் தோளில் தாரோடு என்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார்.

"தப்பு எம்பேர்லதான் அம்மணி" என்றார். எல்லோருக்கும் கேட்டது.