மூலை திரும்பிய இருவர்

கிழக்கே வறண்ட மலைத்தொடர் நெடுஞ்சுவராய் எழுந்து நிற்க, மேற்கே உப்புக்காற்று சுமந்த கடல் ஓயாது கரையைத் தடவ, இடைப்பட்ட வெளியில் மலையைப் பிளந்து கல்லெடுக்கும் பொறிகளின் முழக்கமும், அக்கல்லைச் சுமந்தோடும் ஊர்திகளின் புழுதியும், மண்ணைச் சுட்டு மெருகேற்றும் ஆலைகளின் வெம்மையும் ஒன்றோடொன்று கலந்து, ஞாயிறு உச்சிக்கு ஏறுமுன்னரே மண்ணும் விண்ணும் ஒருநிறமாகிவிடும் ராஸ் அல் கைமா என்னும் அரபு நகரை, நற்றமிழ் சுவைக்கும் அன்பரே, நீவிர் கண்டிருப்பீர். காணாவிடினும் குற்றமில்லை, அங்கே சுட்ட, ‘டைல்ஸ்’ என நீவிர் அழைக்கும் வில்லைகளின்மேல் உம் வீட்டுக்குள்ளேயே நடந்திருப்பீர்.

அந்நகரின் கடலோரத்தே புதிதாய் எழுந்த ஒரு விடுதியின் முன்கூடத்தில், ஒரு முற்பகற்பொழுதில், கீழக்கரைச் செய்கு முகம்மது நிற்கவும் மாட்டாமல் அமரவும் மாட்டாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சுவர்வில்லை பதிக்கும் ஐவருக்குத் தலைவர் அவர். அடுத்த பணி சிறியது, ஆதலால் குழுவிலிருந்து ஒருவரை ஊருக்கு அனுப்ப வேண்டும், மாலைக்குள் பெயரைச் சொல்க என்று நிறுவனத்தார் அன்று காலையே தொலைபேசியில் கட்டளையிட்டிருந்தனர். கடைசியாய் வந்தவன் புதுக்கோட்டைப் பக்கத்து ஜெயமணி. கேட்டவர் எவரும் அவன் பெயரைத்தான் சொல்வர். சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆயினும் அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, பாவம், அவர்தாம் என்ன செய்வார்!

கூடத்துச் சுவரில் பதியவேண்டியது ஓர் ஓவியம். ‘இரவுக் காவல்’ என உலகு போற்றும் ஒல்லாந்து நாட்டு ஓவியத்தை வில்லைகளில் அச்சிட்டு, வரிசை வரிசையாய்த் தரையில் பரப்பி வைத்திருந்தாள், ஆலையின் வடிவமைப்பாளரான காயல்பட்டினத்து ஷிரின். அவள் முகமும் அன்று கடுகடுத்திருந்தது. சுவரின் இடப்பக்கத்தே பணியாளர் நுழைவதற்கென்று ஒரு வாயிலைப் பிற்பாடு திறந்துவிட்டமையால், ஓவியத்துக்கு ஒரு வரிசை இடம் குறைந்துபோயிற்று. இடப்பக்க வரிசையைத் தள்ளிவிடுக என்று விடுதிக்காரர் எளிதாய்ச் சொல்லிவிட்டார்.

"யாரும்மா இவங்கள்லாம்? பட்டாளமா?" என்று கேட்டார் செய்கு முகம்மது, மனத்தை வேறெங்கேனும் செலுத்தினால் போதுமென்று.

"பட்டாளம் இல்ல காக்கா, ஊர்க்காரங்க. கடை கண்ணி வச்சிருந்தவங்க, முறைபோட்டு ஊரைக் காவல் காத்தாங்க. எல்லாரும் சேந்து ஒரு படம் எழுதச் சொன்னாங்க" என்றாள் ஷிரின், மூத்தவரைக் ‘காக்கா’ என்றழைக்கும் தம் ஊர் வழக்கில்.

"குரூப் போட்டோ மாதிரியா?"

"அதேதான். ஆனா அந்த ஓவியர் வரிசையா நிக்க வைக்கல. நடுவுல கறுப்புச் சட்டையில நிக்கிறாரே, அவருதான் தலைவர். ‘கிளம்புங்க’ன்னு அவர் சொல்ற அந்த நிமிஷத்தைப் பிடிச்சிட்டார். அதான் ஒருத்தர் துப்பாக்கில மருந்து கெட்டிக்கிறார், ஒருத்தர் முரசு அடிக்கிறார், ஒருத்தர் முகத்தை இன்னொருத்தர் கை மறைக்குது. இரவுன்னு பேரு, ஆனா பகல்தான். மேல பூசின மெருகு கறுத்துப்போச்சு."

"முகம் மறைஞ்சவன் சண்டைக்கு வரலையா?"

ஷிரின் சிரித்துவிட்டாள், மறுநொடியே சிரிப்பு அணைந்தது. "இந்த இடது ஓரத்து ஆளுங்க கதைதான் கொடுமை. படத்தை வேற கட்டடத்துக்குக் கொண்டுபோனப்போ சுவர்ல அடங்கலைன்னு ஓரத்தை வெட்டிட்டாங்க. வெட்டின துண்டு கிடைக்கவே இல்ல. முன்னாடியே ஒருத்தர் சின்னதா எழுதி வச்ச படியைப் பாத்து, இந்த ரெண்டு பேரையும் நான் திரும்பக் கொண்டுவந்தேன். இப்பவும் சுவர் பத்தலையாம், மறுபடி துரத்துறாங்க."

"எப்பவும் ஓரத்துல நிக்கிறவன்தான் வெட்டுப்படணுமா?"

"நடுவுல நிக்கிற தலைவரை யாரு காக்கா வெட்டுவா?"

அவள் ஒன்றும் அறியாமற் சொன்ன சொல்தான். அவருக்கோ அது சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ முறை குழு குறைந்திருக்கிறது. எத்தனையோ பெயர்களை அவர் வாயே சொல்லியிருக்கிறது. ஒருமுறையேனும் அப்பட்டியலில் தம் பெயரும் உண்டென்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அவ்வேளையில் பசைக்குழம்பு நிறைந்த வாளியைச் சுமந்துகொண்டு ஜெயமணி வந்து சேர்ந்தான்.

"என்ன பாய், ரெண்டு பேரும் எழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? யல்லா, வேலையைப் பாப்போம்!" என்றவன், ஓவியத்துக்கு இடம் போதாத செய்தியைக் கேட்டுவிட்டுச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தான். "இதுக்கா இம்புட்டு யோசனை? கதவு ஓரத்துல சுவரு நல்ல கனம் இருக்குல்ல. பாத்ரூம்ல திருப்புற மாதிரி மூலையில திருப்பி அந்தக் கனத்துல ஒட்டிருவோம். முன்னால நின்னு பாக்குறவருக்கு அவர் கேட்ட அளவு. சைடு கதவுல வர்ற நம்மாளுகளுக்கு இந்த ரெண்டு பேரு."

ஷிரின் அளந்து பார்த்தாள். அணுவும் பிசகாமல் பொருந்திற்று. விடுதிக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க, முன்புறம் சரியாக இருந்தால் எப்படியேனும் செய்துகொள்ளுங்கள் என்றார் அவர். அவள் கண்கள் கலங்கிவிட்டன, அவ்வளவு மகிழ்ச்சி!

பிற்பகல் முழுதும் வேலை ஓடிற்று. நடுவிலிருந்து தொடங்கி, தலைவர் எழுந்தார், அவரருகே மஞ்சள் உடுத்த துணைவர் எழுந்தார், முரசும் வேலும் கொடியும் எழுந்தன. இறுதியில் மூலை திரும்பி, வாயிற்பக்கத்தே அவ்விருவரையும் ஜெயமணி தன் கையாலேயே பதித்து, ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டான்.

"அடுத்த சைட்லயும் நாமதான பாய்?" என்றான் திரும்பாமலே. "சரசுக்கு எட்டாம் மாசம். இப்பப் போய் வேலை இல்லைன்னு நின்னா அவ தாங்கமாட்டா."

அப்போது பெயர் கேட்டு நிறுவனத்தாரிடமிருந்து செய்கு முகம்மதுவுக்கு அழைப்பு வந்தது. அவர் கடலைப் பார்த்த சாளரத்தருகே ஒதுங்கி, ஒருமுறை கனைத்து, "என் பேரை எழுதிக்குங்க" என்றார். ஏன் என்றாவது, நீர் இல்லாமல் எப்படி என்றாவது மறுமுனையில் கேட்பார்களென அவர் உள்ளத்தின் ஒரு மூலை காத்திருந்தது. "அச்சா. கலாஸ்", சரி, முடிந்தது என்றது அக்குரல், இணைப்பும் அறுந்தது. இவ்வளவுதானா என்று அவருக்கு வாய்விட்டு அழத் தோன்றியது.

உடனே கீழக்கரைக்கு அழைத்தார். "நான் வாரேன்" என்றதும், "எத்தனை நாள் லீவு?" என்று கேட்டாள் மனைவி மதீனா பீவி, ஆண்டாண்டாய்க் கேட்டுப் பழகிய குரலில். "லீவு இல்ல புள்ள" என்றார். "ஒரேயடியா வாரேன்."

கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் சுவரை நோக்கினார். கை நீட்டி, வாய் திறந்து, ‘கிளம்புங்கள்’ என்று பிறருக்குச் சொல்லிவிட்டு, எடுத்த காலை நானூறு ஆண்டுகளாய் ஊன்றாமலே நின்றிருந்தார் அந்தத் தலைவர். செய்கு முகம்மது தம் காலை எடுத்து ஊன்றி, பக்கவாயில் வழியே, அவ்விருவரையும் கடந்து வெளியே நடந்தார்.

அன்பரே, என்றேனும் அவ்விடுதிக்குச் செல்வீராயின் முன்வாயிலால் நுழையாதீர்; அங்கிருந்து நோக்குவோர்க்குத் தலைவர்கள் மட்டுமே தெரிவர். சுமை தூக்குவோர் வரும் வழியே வருக. மூலை திரும்பிய அவ்விருவரும் அங்கே நிற்பர், ஓரத்தில் நின்ற ஒருவனுக்காக நடுவிடத்தை விட்டு நீங்கியவர் மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை.