பிளேட்டில் முளைத்தது

ஈஸ்ட்டுக்கும் மனுஷனுக்கும் என்ன சொந்தம் என்று ஆதிராவிடம் கேட்டுப் பாருங்கள், லேசில் விடமாட்டாள். சில ஜீன்கள் ரெண்டு பேருக்கும் பொது. அதில் ஒன்றைப் பிடுங்கினால் ஈஸ்ட் செத்துப்போகும். அந்த இடத்தில் மனுஷனுடையதை வைத்தால் பிழைத்துக்கொள்ளும். திருவனந்தபுரத்தில் அவளுக்கு ஆராய்ச்சியே அதுதான். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் போய்வருவாள்.

அக்காள் பிரசீதாவின் பிள்ளை அபிஜித்துக்கு ஒன்றரை வயசாகியும் தலை நிற்கவில்லை. அப்படியொரு ஜீனில்தான் அவனுக்கு ஒரு எழுத்து மாறியிருந்தது. அதுதான் காரணமா என்று டாக்டர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நீ பாத்துச் சொல்லு மக்கா. அதாலண்ணா அடுத்ததுக்கும் வரலாமாம். இல்லேண்ணாத்தான் நான் இன்னொண்ணு பெறுவேன்," என்றாள் பிரசீதா.

ஆதிரா ஈஸ்ட்டின் ஜீனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பிள்ளையின் ஜீனை வைத்தாள். மூன்றாம் நாள், ஈஸ்ட் வளர்க்கிற பிளேட் நிறைய வெள்ளைப் புள்ளிகள். பிழைத்துவிட்டது! இன்னொரு தடவை செய்துபார்க்கப் பொறுமை எங்கே இருந்தது! அங்கேயே நின்று போன் போட்டாள். "அக்கா, பிள்ளைக்க ஜீனுக்கு ஒரு கேடும் இல்ல, கேட்டியா!" பிரசீதா அழுதாள். நெய்யாற்றின்கரை கோயிலில் கதலிப்பழத்தில் துலாபாரமும் நடத்தினாள்.

மாதங்கள் கழித்து, கட்டுரைக்காக அந்தப் புள்ளிகளைப் பரிசோதனைக்கு அனுப்பினாள் ஆதிரா. முடிவு வந்தது. பிள்ளையின் ஜீனே அதில் இல்லை. அவளுடைய ஈஸ்ட்டும் இல்லை. அது கள்ளில் கிடக்கிற ஈஸ்ட். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பிள்ளையின் ஜீனை வைத்த அன்றைக்குக் காலையில் ஆப்பமாவில் கள்ளு ஊற்றிக் கலக்கிவிட்டு ரயிலுக்கு ஓடிய கை. கையுறைகூட மாட்டாமல் அதே கையோடு வேலைக்கு உட்கார்ந்திருக்கிறாள், பாவி. இவ்வளவு படித்து என்ன புண்ணியம்! ஒழுங்காக மறுபடி செய்தாள். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. இன்னொரு தடவையும் அதேதான். அப்படியென்றால் கேடு பிள்ளையின் ஜீனில்தான்.

ஆரியங்கோட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு பஸ் ஏறினாள். பிரசீதா அபிஜித்தை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உன்னை போன்ல விளிக்கணும்ணு இருந்தேன். எனக்கு ரெண்டாம் மாசமாக்கும்! எல்லாம் நீ தந்த தைரியம்."

ஆதிரா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். பிரசீதா பிள்ளையின் சரிந்த தலையைத் தூக்கித் தோளில் சாய்த்தாள்.

"வயித்துல உள்ளதுக்கும் உண்டாண்ணு பாக்கலாம் அக்கா. ஆஸ்பத்திரியில டெஸ்ட் உண்டு. நானும் கூட வாறேன்."

"அண்ணைக்கும் பாத்துட்டுத்தானே சொன்ன? இனி எந்த டெஸ்டை நம்பி நான் இந்த வயித்துப் பிள்ளைய வேண்டாம்ணு சொல்ல?"