விளம்பரம் என் பொறுப்பு

தமிழில் போட்டால் கம்பியூட்டருக்கு விளங்காது என்று முதலில் சொன்னவர் கணேசலிங்கம் அண்ணை. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். முப்பது வருடம் லண்டனில் கணக்காளராக இருந்த மனுசன். அவருக்கே அவ்வளவுதான் அறிவென்றால் மற்றவர்களை என்ன சொல்ல.

வருடாவருடம் ஹவுன்ஸ்லோவில் ஒரு மண்டபம் எடுத்து விருந்து வைப்போம். விருந்தில் அதிர்ஷ்டலாபச் சீட்டிழுப்பு இருக்கும். சீட்டு ஐந்து பவுண்ஸ், முதல் பரிசு தங்கச் சங்கிலி. சேர்கிற காசு வன்னியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகும். சிறுநீரகம் பழுதான சனத்துக்கு இரத்தம் சுத்திகரிக்கிற மெசின் வாங்கத்தான். கவுன்சிலில் முறைப்படி பதிந்து செய்கிறோம், களவு ஒன்றுமில்லை. ஆனால் இந்த முறை சமூக வலைத்தளத்தில் சங்கத்தின் பக்கத்தில் விளம்பரம் போட்டவுடனேயே அந்தத் தளக்காரர் நிராகரித்துவிட்டார்கள். சீட்டிழுப்பும் சூதாட்டம்தானாம். முன் அனுமதி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

“சாகக் கிடக்கிற சனத்துக்கு மெசின் வாங்கிறது சூதாட்டமோ?” என்று அண்ணை கூட்டத்தில் மேசையில் தட்டினார். “தமிழில போடுவம். அவங்கட கம்பியூட்டருக்குத் தமிழ் எங்க விளங்கப்போகுது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். சங்கத்தின் செயலாளரான என் கணவர் குகதாசனும் ஆட்டினார். தமிழில் போட்டு இரண்டு மணித்தியாலத்தில் சங்கத்தின் பக்கம் அப்படியே முடங்கிப்போனது. ஒன்பது வருடப் படங்கள், ஆயிரத்துச் சொச்சம் ஆட்கள், எல்லாம் போச்சு. கம்பியூட்டருக்கு எங்களைவிட நல்ல தமிழ் தெரிந்திருக்கிறது.

“குகன், நீர் உம்மட போனில புதுசா ஒரு பக்கம் திறந்து அனுமதிக்குப் போடும்,” என்று அண்ணை அடுத்த கூட்டத்தில் சொன்னார். “விருந்துக்கு இன்னும் ஏழு கிழமைதான் கிடக்கு. விளம்பரம் இல்லாட்டி ஆர் சீட்டு வாங்கப்போகினம்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தேன்.

இவருடைய போனில் அது ஏன் நடக்காது என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இவர் பந்தயம் கட்டினவர். குதிரை, உதைபந்து, போனில் சுற்றுகிற சக்கரம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வீடு வாங்கச் சேர்த்தது முழுவதும் அதில் போனது. ஒருநாள் குளியலறைத் தரையில் குந்தியிருந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு பத்தொன்பது மாதமாகத் தொடவில்லை. இந்த நாட்டில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரைக் கொடுத்துப் பதிந்துவிட்டால் இணையத்தில் எந்தப் பந்தயக் கம்பனியும் உங்களைச் சேர்க்காது. போனிலும் ஒரு தடுப்புப் போடலாம். சூதாட்டம், சீட்டு என்று எது வந்தாலும் அது திறக்க விடாது. அந்தத் தடுப்பின் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. இந்தக் கதையை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று இவருக்குச் சத்தியமும் பண்ணிக் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள் கேட்டார்.

“கடவுச்சொல்லை ஒரு மணித்தியாலத்துக்குத் தாரும், மலர். வேலை முடிஞ்ச உடன நீரே திருப்பிப் பூட்டும்.”

“ஏலாது.”

“அப்ப அண்ணைக்கு நான் என்ன சொல்லுறது?”

“உங்களுக்குத் தெரியாத பொய்யோ? ஏதாவது சொல்லுங்கோ.”

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனுசன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.

மூன்றாம் நாள் அண்ணை எனக்கே போன் எடுத்தார். “தங்கச்சி, குறை நினையாதையும். குகனை நீர்தான் சங்க வேலை செய்ய விடாமல் பிடிச்சு வச்சிருக்கிறீர் எண்டு சனம் கதைக்குது.”

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். பிடித்து வைத்திருந்தது உண்மைதான். ஏன் என்று சொல்ல முடியாமல் இருந்ததுதான் என் கோபம். கடவுச்சொல்லைக் கொடுத்தால் மனுசன் போய்விடுவார். காரணத்தைச் சொன்னால் மானம் போய்விடும், சத்தியமும் போய்விடும். இரண்டும் வேண்டாம், விளம்பரத்தை நானே என் போனில் செய்கிறேன் என்று அண்ணையிடம் சொன்னேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

விமான நிலையத்தில் வாசனைத் திரவியக் கடையில் எனக்கு வேலை. ஷிப்டுக்கு நடுவில் கிடைக்கிற அரை மணித்தியாலத்தில் விதிகளை வாசித்தேன். மற்றத் தொண்டு நிறுவனங்கள் சீட்டிழுப்பு விளம்பரத்தை எப்படிப் போடுகின்றன என்று தேடித் தேடிப் பார்த்தேன். கவுன்சிலில் சங்கம் பதிந்த கடிதத்தை அனுமதிக்கு அனுப்பினேன். பதினொரு நாளில் அனுமதி வந்தது. விளம்பரம் போனது, சீட்டும் போனது. லூயிஷாமிலிருந்து, சட்டனிலிருந்து எல்லாம் ஆட்கள் கேட்டு எழுதினார்கள்.

கூடவே வேறொன்றும் வந்தது. நான் சூதாட்டத்தை விரும்பித் தேடினேன் என்று போனுக்கு ஒரு நினைப்பு. சமையல் குறிப்புப் பார்த்தால் நடுவில் சக்கரம் சுற்றும். சேலை பார்த்தால் ‘முதல் பந்தயம் இலவசம்’ என்று வரும். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன். அது என்னைவிடப் பொறுமைசாலி.

பின்னேரங்களில் இவர் வந்து பக்கத்தில் இருப்பார். “ஆரோ பத்துச் சீட்டுக் கேட்டிருக்கினம், போனைத் தாரும், நான் பதில் போடுறன்,” என்பார். செயலாளர் கேட்கும்போது எந்த வாயால் மறுப்பது? போனைக் கொடுத்துவிட்டு நான் சோறு வடிக்கப் போய்விடுவேன். அந்த நாட்களில் இவர் முகம் தெளிந்திருந்தது. கோப்பை கழுவும்போது பழைய பாட்டெல்லாம் பாடினார். பொதுவேலை மனுசனை மாற்றிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

விருந்தன்று பின்னேரம் மண்டபத்தில் மேசைகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘அன்புள்ள செல்வமலர், சில கிழமைகளாக நீங்கள் வழமையைவிட அதிகமாக விளையாடுவதைக் கவனித்தோம். உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு. சிறிது ஓய்வெடுக்க யோசித்தீர்களா?’

குப்பை என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து பார்த்தால் என் பெயர், என் பிறந்த திகதி, என் விலாசம், என் வங்கி அட்டையின் கடைசி நான்கு இலக்கம். இருபத்தாறு நாளாக ஒரு பந்தயக் கம்பனியில் நான் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறேனாம். தடுப்பெல்லாம் குகதாசன் என்ற பெயரைச் சுற்றித்தான். மனுசன் செல்வமலர் என்ற பெயரால் நடந்து வெளியே போயிருக்கிறார். போனையும் நானே கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இவரை மண்டபத்துச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுப் போனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“எவ்வளவு?”

“பதறாதையும். இன்னும் ஒரு கிழமை தாரும், விட்டதை எல்லாம் வெண்டெடுத்திடுவன்.”

“கடவுளே, திரும்பவும் அதே கதையோ? நான் உங்களுக்கு என்னப்பா செய்தனான்?”

“சனம் வந்திட்டுது, மலர். இண்டைக்கு ஒண்டும் கதையாதையும்,” என்று சொல்லிவிட்டுக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சனத்துக்குள் போய் இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

சாப்பாட்டுக்கு முன் அண்ணை மேடையேறினார். சட்டத்தைத் திட்டினார், கம்பியூட்டரைத் திட்டினார், தமிழில் போட்ட கதையைச் சொல்லித் தன்னையே பகிடி பண்ணினார். பிறகு, “அவங்கள் கதவைப் பூட்டினாங்கள். எங்கட தங்கச்சி செல்வமலர் யன்னலைத் திறந்துவிட்டவ,” என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அண்ணையின் மனைவி நகுலேஸ்வரி அக்கா என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். அந்த மெல்லிய துணி கழுத்தில் பாறாங்கல் மாதிரி கனத்தது.

“இனி முதல் சீட்டு. செயலாளர் குகதாசன் வந்து இழுப்பார்,” என்று அண்ணை அறிவித்தார்.

இவர் ஏறி வந்தார். சீட்டு நிறைந்த கண்ணாடிப் பெட்டியை இரண்டு பேர் குலுக்கினார்கள். இவர் சட்டைக் கையை மடித்தார். சங்கிலி யாருக்கு விழுந்தால் இவருக்கு என்ன? ஆனாலும் கண்ணில் அந்த மினுக்கம் வந்துவிட்டது. அந்தப் பந்தயக் காலத்தில் ஒவ்வொரு நாளும் நான் பார்த்த மினுக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டி இவருடைய கையைப் பிடித்தேன். மற்றக் கையால் அண்ணையிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

“இவரை இழுக்க விடாதேங்கோ. இவருக்குச் சூதாட்ட வியாதி இருக்கு. என்ர பெயரில விளையாடிக்கொண்டிருக்கிறார். ஆராவது உதவி செய்யுங்கோ.”

முன்மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்வரிசை வரை ஓடியது. “நான் சொன்னனான்தானே, மனுசி பிடிச்ச பிடி விடமாட்டா,” என்று அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நகுலேஸ்வரி அக்கா, “நல்லா நடிக்கிறீரடியம்மா,” என்று என் கன்னத்தில் தட்டினார். என் கண்ணில் வந்த நீரையும் சிரித்துச் சிரித்து வந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இவரும் சிரித்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக விலக்கிவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டார்.