தாஸ் தேர்ந்தெடுத்த ரிசீவர்

கோலார் தங்கவயலில் இருபத்தெட்டு ஆண்டுகள் பாறைக்கு வெடி வைத்து ஓய்ந்த தாஸுக்கு எந்த ஹோம் தியேட்டர் ரிசீவரும் பிடிக்கவில்லை. லிங்கராஜபுரத்து வீட்டின் ஓர் அறையில், தங்களை இயக்கும் ரிசீவருக்காக ஐந்து ஒலிபெருக்கிகள் வாய்மூடிக் காத்திருக்க, சிவாஜிநகர்க் கடைக்கு அவர் வருவது இது நான்காம் முறை. இன்றும் வெறுங்கையோடு திரும்பினால் அந்த அறையில் தன் தையல் இயந்திரத்தைப் போட்டுவிடுவதாகக் கெடு வைத்த மனைவி ஹெலன், கையோடு தானும் வந்துவிட்டாள்.

கடைக்காரர் முஸ்தாக் முதல் ரிசீவரை இணைத்துச் சண்டைப் படமொன்றை ஓட்டினார். திரையில் ஒரு பாலம் வெடித்துச் சிதறியது.

“இது வெடியா பாய்? ஊசி வெடி கூட இதவிட ஜோரா வெடிக்கும்,” என்றார் தாஸ், கட்டிய கையை அவிழ்க்காமல்.

இரண்டாவதிலும் அதே பாலம் வெடித்தது.

“சத்தம் காதுக்குத்தான் வருது. நெஜ வெடின்னா மொதல்ல காலுக்கு வரணும்.”

“அங்கிள், நீங்க ரிசீவர் வாங்க வந்தீங்களா, சுரங்கம் வாங்க வந்தீங்களா?” என்று அலுத்துக்கொண்டே முஸ்தாக் மூன்றாவதை இணைத்தார்.

இம்முறை பாலம் வெடித்தபோது தரையே அதிர்ந்தது. ஹெலன் திரும்பிப் பார்த்தாள். தாஸையும் காணவில்லை, முஸ்தாக்கையும் காணவில்லை. மேசைக்கடியில் முழந்தாளிட்டிருந்த தாஸ், ஒரு கையால் தம் தலையை மூடி, மறு கையால் முஸ்தாக்கின் பிடரியைப் பிடித்துத் தரையோடு அமுக்கிக்கொண்டிருந்தார்.

“பயமெல்லாம் இல்ல. ஒயர் சரியா இருக்கான்னு பாத்தோம்,” என்றார், வெளியே வராமலே.

“இதையே கட்டிக் குடுங்க பாய்,” என்றாள் ஹெலன். “மூட்டு வலின்னு பத்து வருஷமா சர்ச்சுல கூட முட்டி போடாத மனுஷன் இவரு!”