நாலு டயரும் ஒரு மாமனாரும்

பல் டாக்டரின் மஞ்சள் கார் ஓடிய சாலைகளெல்லாம் நீளத்தில் குறைந்துகொண்டே வந்தன. சாதாரணமாகக் கிளம்பினால் ஒரு விரற்கடை குறையும். சிக்னலில் பச்சை விழுந்ததும் அவர் தன் வயதை மறந்து மிதித்தால் ஒரு முழம் குறையும். அந்த வருடம் மழை தாமதம், கொசு அதிகம், பல் டாக்டர் ரோட்டை இழுக்கிறார் என்று ஊர்க்காரர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். காரணம் டயர்தான். பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்றே செய்த டயர்களோடு அந்தக் கார் வந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டுகிற மென்மையான ரப்பர். பிடித்தால் உடும்புப் பிடி. மற்றவர்களின் கார் மிதித்தால் முன்னால் போகும். இந்தக் கார் கொஞ்சம் முன்னால் போகும், மீதிக்கு ரோடு பின்னால் வரும். பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து வருவாரே, அதுபோல மறுகோடியில் இருந்த கட்டடங்கள் ஆடாமல் அசையாமல் நெருங்கி வந்தன. எந்த வீட்டிலும் ஒரு செங்கல்கூட உதிரவில்லை. வீடுகளுக்கு நடுவில் கிடந்த காலி இடங்கள்தான் காணாமல் போயின. அவருடைய வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கார் நிற்கிற இடமல்லவா.

அந்தக் காரை அவர் வாங்கியது ஐம்பது வயதில், மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன மறுமாதம். தலைமுடி முக்கால்வாசி விடைபெற்றுவிட்ட மனிதருக்குக் கூரை திறக்கிற கார் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. இரண்டே சீட். பின்னால் ஒரு பெட்டி வைக்கலாம், அதுவும் பெட்டி சின்னதாக இருந்தால். "இதுல ஏறணும்னா படுத்துக்கணும், எறங்கணும்னா யாராச்சும் கையப் புடிச்சு இழுக்கணும்" என்பது கணக்கு டீச்சரான அவர் மனைவியின் தீர்ப்பு. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கும் நோயாளிகளிடம் இன்ஜினின் பெருமைகளை விளக்குவார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதவர்களோடு பழகிப் பழகி, உலகமே தன் கருத்தை ஒப்புக்கொள்வதாக அவருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டிருந்தது.

மனைவிக்குக் காரைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற சர்வேயர், நகரத்தின் பாதித் தெருக்களைச் சங்கிலி போட்டு அளந்தவன் நான்தான் என்று இன்னும் நெஞ்சை நிமிர்த்துகிறவர். மனைவி போனபிறகு நகரத்தின் மறுகோடியில், தன் கையாலேயே எல்லைக்கல் நட்ட வீட்டில், தனியாக இருந்தார். ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், மகள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து கதவை உடைக்கிற வரைக்கும் ஈரத்தரையிலேயே கிடந்தார். எலும்பு தப்பித்தது. மகளுடைய தூக்கம்தான் அன்றோடு போயிற்று. எங்களோடு வந்துவிடுங்கள் என்று அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், அவருடைய பாத்திரங்களை மூட்டை கட்டியே பார்த்தாள். "அடுத்தவன் எல்லைக்குள்ள என்னால தூங்க முடியாதும்மா" என்று முடித்துவிட்டார் கிழவர். மாப்பிள்ளையை அடுத்தவன் என்று சொன்னதில் பல் டாக்டருக்கு வருத்தம்தான், உள்ளூர நிம்மதியும்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் மஞ்சள் காரில் போய்வந்தார்கள். கிளம்பும்போது ரேடியோவில் ஆரம்பிக்கும் பழைய பாட்டு நிகழ்ச்சி முடிகிற சமயத்தில்தான் அப்பா வீட்டு வாசல் வருவது வழக்கம். சில மாதங்களில், கடைசிப் பாட்டு பாக்கி இருக்கும்போதே வாசல் வந்துவிட்டது. பிறகு பாதி நிகழ்ச்சியிலேயே வந்தது. கணக்கு டீச்சருக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிங்க, பிரேக்க மட்டும் மெதுவாப் போடுங்க" என்றாள். மனைவி கடைசியில் தன் ஓட்டும் அழகை ரசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பல் டாக்டர் பூரித்துப்போனார். சர்வேயரிடம் யாரோ விஷயத்தைச் சொன்னபோது, அவர் பரண்மேல் இருந்த சங்கிலியை இறக்கி, தெருவை அளந்து பார்த்தார். கணக்கு உதைத்தது. சங்கிலியைத் துடைத்து மறுபடி பரண்மேல் போட்டுவிட்டு, "சங்கிலி நீண்டுபோச்சு. நான் அளந்த ரோடு அப்படியேதான் இருக்கு" என்றார்.

ஒன்றரை வருடத்தில் மாமனார் வீடு பாதித் தூரம் வந்துவிட்டது. அதற்குள் காலி மனைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒருவர் தன் மகளுக்கென்று வாங்கிப்போட்ட மனையில் ஓர் ஆள் குடைபிடித்து நிற்க மட்டுமே இடம் மிஞ்சியிருந்தது. நகராட்சி இன்ஜினீயர் நேரில் வந்து, ஒன்று டயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் காரை மாற்றுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். டயர்களும் மொட்டையாகித்தான் இருந்தன. அத்தனை பிடி பிடிக்கிற ரப்பர் சீக்கிரம் தேயாமல் என்ன செய்யும். மழை பெய்தால் கார் தன் இஷ்டத்துக்கு நழுவியது. ஒவ்வொரு பள்ளத்தையும் பல் டாக்டரின் முதுகெலும்பு தனித்தனியாக அனுபவித்தது.

டயர்க்கடைக்காரர் டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வியாபாரம் செய்கிறவர். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வார். பந்தய டயர் மறுபடி போட்டால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் முதுகும் மழைக்காலமும் உங்கள் பொறுப்பு என்றார். மழை டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், சத்தமும் குறைவு, வண்டியின் மானமும் போகாது என்றார். மூன்றாவதாகச் சாதா டயர். நெடுநாள் உழைக்கும், மெத்தைமேல் போகிற மாதிரி போகும், "ஆனா இந்த வண்டிக்கு அதப் போட்டா குதிரைக்கு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கும் சார்" என்றார். மனைவி பழையதையே போடச் சொன்னாள். "தினமும் கிளினிக்குக்கும் வீட்டுக்கும் போற வண்டிக்கு ரேஸ் டயர் எதுக்கு? உனக்கும் முதுகு வலிக்குதுன்னு நீதான சொன்ன?" என்று கேட்டார் பல் டாக்டர். "இப்ப வலிக்கல" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவருக்கு எட்டவில்லை. முப்பது வருடமாக ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்த மனிதர், மனைவி வாயை மூடிக்கொண்டு சொன்னதைக் கவனிக்கவில்லை. மழை டயர் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மழை டயரில் சுழலும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்து மாட்ட வேண்டும். அன்றைக்குக் கடைக்காரர் போனில் மைத்துனரோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்ததில், நாலு டயரும் அம்புக்குறி பின்பக்கம் பார்க்க ஏறிவிட்டன. அதன்பிறகு கார் ஓடிய சாலைகள் நீள ஆரம்பித்தன. காலி மனைகள் திரும்பி வந்தன, வட்டியோடு வந்தன. மனைக்காரர்கள் பல் டாக்டரை வழியில் நிறுத்திக் கைகொடுத்தார்கள். அவருக்கோ கார் வழுக்காமல், சத்தமில்லாமல் போகிற சுகத்தில் எதுவுமே தெரியவில்லை. கிளினிக்குக்குத் தாமதமாகப் போனதற்கு டிராஃபிக்கைத் திட்டினார். பக்கத்து சீட்டில் மனைவி ரேடியோவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாட்டு நிகழ்ச்சி முடிந்தது, செய்தி முடிந்தது, விவசாய நிகழ்ச்சி ஆரம்பித்தது, அப்பா வீடு வரவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அப்பா போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். இருவரும் கிளம்பினார்கள். பல் டாக்டர் எவ்வளவு மிதித்தாரோ அவ்வளவு ரோடு முன்னால் முளைத்தது. விளக்குக் கம்பங்களே இல்லாத வெட்டவெளிகள் வந்தன. போன வாரம் இல்லாத ஒரு குளம்கூட வந்தது. போய்ச் சேர்ந்தபோது சர்வேயர் சமையலறைத் தரையில், ஜுரத்தில் உடம்பு கொதிக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டம்ளர் எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். அவருக்கு மருந்து கொடுத்து, படுக்கவைத்து, போர்த்திவிட்டு வந்துதான் அவள் புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க முதுகு வலிக்குதுன்னு எங்கப்பாவ ஊருக்கு வெளிய தள்ளிட்டீங்க. பழைய டயரே போட்டிருந்தா இந்நேரம் அவரு நம்ம தெருமுனையில இருந்திருப்பாரு. எனக்கு அவரு கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

ஆண்கள் வீட்டில் சண்டை வந்தால் வாசலில் போய்க் காரைப் பார்ப்பார்கள். அவரும் போனார். தூறலில் நனைந்துகொண்டு சக்கரத்தைப் பார்த்தபோதுதான் அம்புக்குறி கண்ணில் பட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. டயர்க்காரரின் தப்பை நினைத்து அல்ல. ஒன்றரை வருடம் தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி தன் அப்பாவை அங்குலம் அங்குலமாக வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்க, தானோ அதைத் தன் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்திருந்ததுதான் சுட்டது.

டயரைத் திருப்பி மாட்டினால் ரோடு நீளாது, குறையாது, இருக்கிறபடி இருக்கும் என்றார் கடைக்காரர், தன் தப்பைப் பற்றி மூச்சு விடாமல். பல் டாக்டர் பந்தய டயரைக் கேட்டார். "முதுகு சார்?" என்று இழுத்தார் கடைக்காரர். "அது என் முதுகுதானே, நீங்க மாட்டுங்க" என்றார். நகராட்சி அனுமதி ஒன்று பாக்கி இருந்தது. நல்லவேளையாக இன்ஜினீயருக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாக அவர் கிடந்த நேரம் பார்த்து, பழைய டயரையே போட்டுக்கொள்ளலாமா என்று பல் டாக்டர் பணிவாகக் கேட்டார். இன்ஜினீயர் "ஆ" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த முறை மனைக்காரர்கள் பக்கம் போகாமல், பாழடைந்த கிடங்குகள் இருந்த வழியாகவே போய்வந்தார்கள். அங்கே காணாமல் போவதற்கு வெற்றிடம் ஏராளம், கேட்பதற்கு ஆளில்லை. ஞாயிறு என்பது போய் தினமும் என்றாயிற்று. பல் டாக்டர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மழை நாட்களில் மனைவி ஓட்டினாள். அவள் அவரைவிட நன்றாகவே ஓட்டினாள், அதை அவர் ஒப்புக்கொள்ள ஒரு மாதமாயிற்று. குளம் போனது, வெட்டவெளிகள் போயின, கிடங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறு வருடம் மாமனார் வீடு நெருங்கி அவர்கள் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது.

நடுவில் மிச்சம் இருந்தது பல் டாக்டரின் சொந்தக் காலி மனை. கண்ணாடிச் சுவர் வைத்து, விளக்குப் போட்டு, மஞ்சள் காரை நிறுத்த ஒரு கொட்டகை கட்டுவதாக அவர் ஆசைப்பட்டு வைத்திருந்த மனை அது. "போதுங்க, இவ்ளோ பக்கத்துல வந்ததே போதும்" என்றாள் மனைவி. அவர் மனையைப் பார்த்தார். ஆசை விடவில்லை, பொய் சொல்வானேன். "விழுந்தா சத்தம் கேக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தார். மாலைக்குள் மனை இல்லை. மாமனார் வீட்டுப் படுக்கையறை ஜன்னலும் மகளின் சமையலறை ஜன்னலும் கை நீட்டினால் காப்பி மாற்றிக்கொள்ளும் தூரத்தில் வந்து நின்றன. கார் அன்றிலிருந்து தெருவில் வெயிலில் நின்றது, காக்கைகளும் உட்கார்ந்தன.

மறுநாளே பந்தய டயரைக் கழற்றிவிட்டுச் சாதா டயர் போட்டார்கள். "இதுல விசேஷமா ஒண்ணும் நடக்காது சார்" என்று எச்சரித்தார் கடைக்காரர். அதுதான் வேண்டும் என்றார் பல் டாக்டர். குதிரை ரப்பர் செருப்போடு கிளினிக்குக்குப் போய்வந்தது, யாரும் சிரிக்கவில்லை.

சர்வேயர் மட்டும் வீடு நகர்ந்ததை ஒப்புக்கொள்ளவே இல்லை. தான் நட்ட எல்லைக்கல் நட்ட இடத்திலேயே இருப்பதாகவும், தான் இன்னும் நகரத்தின் மறுகோடியில் இருப்பதாகவும் சாதித்தார். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், அப்படியே உன் ஜாடை, ஜன்னல் வழியாக வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், நல்ல பெண் என்று மகளுக்கே போன் செய்து சொன்னார். மகள் இரண்டு அடி தள்ளி நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்படியாப்பா, சந்தோஷம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பார். அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்ன. பல் டாக்டர் மஞ்சள் காரை எடுத்து, பத்தடி நகர்த்தி, அவர் வாசலில் நிறுத்துவார். கையைப் பிடித்து உட்கார வைப்பார். பிறகு கடைத்தெரு வழியாக, ரயில் கேட்டைத் தாண்டி, ஏரிக்கரையைச் சுற்றி, வழக்கமான பாட்டு நிகழ்ச்சி முழுவதும் முடிகிற வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் இறக்குவார். மனைவி கதவைத் திறந்து, ஒரு வாரமாக அப்பாவைப் பார்க்காதவள்போல வரவேற்பாள்.

"தூரம் அப்படியேதான் இருக்கு மாப்ள" என்பார் சர்வேயர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து.

"ஆமா மாமா," என்பார் பல் டாக்டர். "டிராஃபிக் வேற."