சுவரொட்டிக் குடும்பம்

கண்டியில் ஜனார்த்தனன் அவர்களின் முகத்தை அறியாதவர்கள் இல்லை என்றால் அது மிகையாகாது. குட்ஷெட் பஸ் நிலையத்துச் சுவரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அருகே மனைவி சஞ்சீவனி, முன்னால் மகனும் மகளும். கீழே, ‘இருவர் போதும், இன்பம் பொங்கும்’ என்ற வாசகம். குடும்பத் திட்டமிடல் அலுவலகத்தில் எழுதுவினைஞராகிய அவர், படமெடுக்க வேறு குடும்பம் அகப்படாத நாளொன்றில் பெருந்தன்மையுடன் முன்வந்ததன் பலன் அது.

இப்போது சஞ்சீவனிக்கு ஏழாம் மாதம்.

தெரிந்தவர் கண்ணில் படாதிருக்க, அவர் மனைவியைக் கெலிஓயா கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். வெயிலுமில்லை, மழையுமில்லை, ஆயினும் பஸ் நிலையத்தில் குடையை விரித்து, அவளுடைய வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

கெலிஓயா கிளினிக் சுவரிலும் அவர்களே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமாது பஸ்லினா சுவரையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்பம் நல்லாத்தான் பொங்கி ஈக்குது,” என்றார்.

திரும்பும் வழியில் சஞ்சீவனி மெல்லச் சொன்னாள்: “மூத்தவன் வயித்துல இருக்கும்போது அப்பா தவறிட்டாரு. சின்னவ வயித்துல இருக்கும்போது கொரோனா. ரெண்டு தடவையும் எனக்கு வளைகாப்பு நடக்கல. இந்தத் தடவையாச்சும் வேணுங்க.”

“நாலு பொம்பளைங்க வந்தா ஊரே வந்த மாதிரி. என் வேலைக்கே உலை வச்சிடுவ போலிருக்கே!”

“இது உங்க பிள்ளைதானே? திருட்டுச் சாமான மறைக்கிற மாதிரி மறைக்கிறீங்க.”

ஜனார்த்தனன் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார்.

மறுவாரம் மேலதிகாரி அழைத்தார். விஷயம் வெளிவந்துவிட்டதென்று நடுங்கியபடியே அவர் உள்ளே சென்றார்.

“பிறப்பு குறைஞ்சு போச்சாம், ஜனார்த்தனன். இனிமே ‘மூவர் வந்தால் முழுமை’ன்னு போஸ்டர் அடிக்கணும். பழையத எல்லாம் கிழிக்கச் சொல்லியாச்சு. மூணாவதுக்குக் காத்திருக்கிற குடும்பத்த நான் எங்க போய்த் தேட?”

பணியில் சேர்ந்த நாள்முதல் அனுமதி கேளாது வாய் திறந்திராத ஜனார்த்தனன், அன்று திறந்தார்.

“என் மனைவி ஏழு மாசம், சேர்!”

வளையல் பெட்டிகளுடன் முச்சக்கரவண்டியில் வீட்டுக்குப் பறந்தார். “ஞாயித்துக்கிழமையே வளைகாப்பு! ஊரையே கூப்பிடு!”

சஞ்சீவனி அவ்வாறே கூப்பிட்டாள். ஞாயிறன்று வீடு நிறையப் பெண்கள், பஸ்லினாவும் வந்திருந்தார். மேலதிகாரியையும், புதிய போஸ்டருக்குப் படமெடுக்க வந்த படப்பிடிப்பாளர் இன்ஷாபையும் ஜனார்த்தனன் வாசல்வரை பணிவுடன் அழைத்துவந்தார். சஞ்சீவனி நிலைப்படியில் நின்று மறித்தாள்.

“வளைகாப்பு நடக்கிற எடத்துக்கு ஆம்பளைங்க வரப்படாதுங்க. படமும் வேணாம்.”

“அலுவலகத் தேவைம்மா...” என்று கெஞ்சினார் ஜனார்த்தனன்.

“அன்னைக்குக் குடை பிடிச்சீங்களே, அதையே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. மழை வருது.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே வளையல்கள் குலுங்கின. பெண்களின் சிரிப்பு ஓயவில்லை. வெளியே மழை வலுத்தது. குடை ஒருவருக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. ஜனார்த்தனன் அதை மேலதிகாரிக்குப் பணிவுடன் பிடித்துக்கொண்டு, தாம் நனைந்தார்.