கழுவிய விறகு

எங்கள் ஊரில் வெளியே சொல்லக்கூடாததை அடுப்பில் சொல்லிவிடுவார்கள். விறகு காய்ந்திருந்தால் சொல் முழுதாக எரிந்து சாம்பலாகிவிடும். ஈரமாக இருந்தால் முதலில் தண்ணீர் கொதித்துப் போக வேண்டும். தீயின் பலமெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். சொல் வெந்ததும் வேகாததுமாகப் புகையோடு கிளம்பி, யார் காதில் விழக்கூடாதோ அவர்களிடம் போய் உட்காரும். அதனால் நல்ல வீடுகளில் விறகைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். காய்ந்த சவுக்கு கணீரென்று கேட்கும், ஈரமானது சொத்தென்று.

என் தங்கை செண்பகத்தைப் பெண் பார்க்கக் கடையநல்லூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. சுத்தம் பார்க்கிற குடும்பம் என்று கேள்வி. மண் ஒட்டிக் கிடந்த விறகையெல்லாம் கிணற்றடியில் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி அடுக்கினேன். உழைத்த திருப்தி. அந்தத் திருப்தியிலேயே, அடுப்பு பற்றியதும் குனிந்து மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா மருதப்பிள்ளை கூடத்தில் கேசரியை வாயில் வைத்தபோது புகை வந்தது. "முறிஞ்சு போகட்டும்" என்பது அவர் தோள்துண்டில் உட்கார்ந்தது. "இவ போயிட்டா எனக்கு யாரு பொங்கிப் போடுவா" என்பது மெதுவாகச் சுற்றி மாப்பிள்ளையின் மடியில் இறங்கியது. என் குரல்தான். சொல்லும்போது வந்த இருமல்கூட வேகாமல் அப்படியே இருந்தது.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அடுப்படி வாசலில் செண்பகம் ஊதுகுழலோடு நின்றாள். முன்பு வந்த சம்பந்தங்கள் ஏன் தட்டிப்போயின என்று அவள் கேட்டதே இல்லை. இப்போது என்னைப் பார்த்தாள்.

மருதப்பிள்ளை துண்டை உதறிவிட்டு அடுப்படிக்குப் போய் விறகைத் தட்டினார். திரும்பி வந்து என் முதுகைத் தட்டினார். இரண்டும் ஒரே சத்தம்.

"பொண்ணு மேல குத்தமில்ல, எங்களுக்குச் சம்மதம்," என்றார். "ஆனா இவரக் காய வைக்காம முகூர்த்தம் வைக்க முடியாது."

"ஆவணிக்குள்ள காஞ்சிருவாவ, மாமா," என்றாள் செண்பகம்.

மொட்டை மாடியில் காற்றோட்டம் விட்டு, குறுக்கும் நெடுக்குமாக விறகோடு என்னையும் அடுக்கினார்கள். சவுக்கெல்லாம் ஆடியிலேயே காய்ந்து கீழே போய்விட்டது. மதியம் செண்பகம் சோறு கொண்டுவந்து ஊட்டுகிறாள். குழம்பு எப்போதும்போல நன்றாக இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆவணி பிறந்துவிட்டது. இன்றும் அவள் என் முதுகைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள்.

"இன்னும் சொத்துன்னுதான் கேக்கு, அண்ணே," என்றாள். பிறகு என்னை மறுபக்கம் புரட்டிப் போட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.